எங்கடை மருந்து

முப்பத்தொரு வருடம் நான் கிருமி வளர்த்தேன். சிரிக்க வேண்டாம், அதுதான் அரசாங்கம் எனக்குத் தந்த வேலை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தின் பின்பக்க அறையில் இருந்துகொண்டு, வார்டுகளில் இருந்து வரும் சீழையும் சளியையும் சலத்தையும் இரத்தம் கலந்த ஒரு கூழ்த்தட்டில் பூசி, சூட்டுப்பெட்டிக்குள் வைத்து, அடுத்த நாள் எடுத்துப் பார்ப்பேன். கிருமி தட்டு முழுக்கப் படர்ந்திருக்கும். பூசும்போதே ஒவ்வொரு மருந்திலும் ஊறிய சின்னக் கடதாசி வில்லைகளை அதன்மேல் வைத்துவிடுவோம். மருந்து வேலை செய்தால் அந்த வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் ஒரு வட்டம் விழும். வட்டம் விழாவிட்டால் அந்தக் கிருமிக்கு அந்த மருந்து சரிவராது. இவ்வளவுதான் சங்கதி. இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பொன்றும் வேண்டாம். ஆனால் எங்கள் ஊரில் இதை விளங்கப்படுத்தப் போய் எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

எங்கள் சனம் முழுக்க அரை வைத்தியர்கள். தடிமன் பிடித்தால், மருதனார்மடத்துச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிற கையோடு ஏதாவது ஒரு பாமசியில் ஏறி, அந்தச் சிவப்பும் மஞ்சளும் கப்சூல் நாலு தாருங்கள் என்பார்கள். இரண்டைப் போட்டதும் காய்ச்சல் விட்டுவிடும். மற்ற இரண்டும் அலுமாரிக்குள் போய், வீட்டில் அடுத்து யாருக்குப் பல் வலிக்கிறதோ அவருக்காகக் காத்திருக்கும். படித்துப் பட்டம் வாங்கிய ஒரு ஆசிரியை, மிஞ்சிய கப்சூலை ரோசாச் செடிக்குக் கரைத்து ஊற்றியதாக என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவரையும் அந்தச் செடியோடு சேர்த்துப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. இப்படித்தான் நாங்கள் கிருமிகளுக்குப் பாலர் வகுப்பில் இருந்து பாடம் சொல்லிக் கொடுத்து, ஒரு மருந்துக்கும் அடங்காத மேதைகளாக்கி வைத்திருக்கிறோம்.

என் அண்ணையும் அதில் ஒருவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கோப்பாயில் என் வீட்டில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, அண்ணியின் சீதன வீட்டில் இருக்கிறார். வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்தவர். பதினைந்து வருடச் சலரோகம். தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார், பனங்கட்டி கடிப்பார். பனங்கட்டி சீனி இல்லையாம். நான் நாண்டுகொண்டு நிற்காத குறையாகக் கத்தியும் பார்த்தேன். "உனக்கு உதைத் தவிர வேறை கதை இல்லையோ?" என்று இன்னொரு துண்டை எடுத்து வாய்க்குள் போடுவார். அவர் வளர்த்த கோழிகள் தூங்கி வழிந்தால் அவற்றின் தண்ணீர்ச் சட்டிக்குள்ளும் அதே சிவப்பு மஞ்சள் கப்சூலை உடைத்துப் போடுவார். கோழிகள் பிழைத்ததோ இல்லையோ, வளவுக்குள் இருந்த கிருமிகள் நன்றாகக் கொழுத்திருக்கும்.

புகையிலைத் தோட்டத்து வேலிக்கரையில் கிடந்த பனை மட்டையை அவர் வெறுங்காலோடு மிதித்தார். அதன் ஓரத்துக் கருக்குப் பல் சின்னவிரலின் அடியைக் கிழித்தது. சலரோகக்காரர் அல்லவா, நோ தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கழுவி, கப்சூல் ஒன்றை உடைத்து அந்தத் தூளைக் காயத்தின்மேல் தூவிக்கொண்டார். விபூதி பூசுகிற மாதிரி. ஒரு மாதம் இதைச் செய்திருக்கிறார். அண்ணியும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் ஒருநாள் போய் மணத்தை வைத்தே கண்டுபிடித்தேன். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் ஒழுங்கையால் போன சைக்கிள்காரர் இறங்கி நின்று பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சீழ் எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஆய்வுகூடத்தில் இருந்து, ஒருகாலத்தில் எனக்குக் கீழே வேலை பழகிய பிள்ளை போன் எடுத்து, "மிஸ், ஒருக்கால் வந்து பாத்திட்டுப் போங்கோ" என்றது. போனேன். தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். பன்னிரண்டு வில்லை வைத்திருந்தார்கள். பதினொன்றின் விளிம்பு வரைக்கும் கிருமி ஏறிப் படர்ந்திருந்தது. ஒரேயொரு வில்லையைச் சுற்றி மட்டும் மெல்லிய வட்டம். அது ஒரு பழைய ஊசி மருந்து. கிருமியோடு சேர்த்துச் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இப்படி எத்தனையோ தட்டுகளைப் பார்த்து, எழுதி, கையெழுத்து வைத்து அனுப்பியவள் நான். அந்தத் தட்டில் ஒட்டியிருந்த துண்டில் என் தகப்பனின் பெயரும் அண்ணையின் பெயரும் இருந்தன.

சத்திரசிகிச்சை நிபுணர் இளம் ஆள், மரியாதையானவர். சின்னவிரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் இப்போதே எடுத்துவிட்டால் பாதம் தப்பும் என்று நிதானமாகச் சொன்னார். அண்ணை யோசித்துச் சொல்லுகிறேன் என்றார். யோசிக்கத்தான் போனார் என்று நானும் நினைத்தேன்.

அந்தக் கிழமைதான் கோயில் கொடியேறியது. அண்ணியின் தம்பி லண்டனில் இருந்து வந்து இறங்கினார். முப்பது வருடமாக அங்கே இருக்கிறார். எந்தச் சாமானைப் பற்றிக் கேட்டாலும் அங்கே அது எப்படி என்று சொல்லுவார். தண்ணீர் கேட்டாலும் அங்கத்துத் தண்ணீர் எப்படி என்று தொடங்கிவிடுவார். அண்ணையின் காலைப் பார்த்ததும் கண்ணீர் விட்டார். அது உண்மையான கண்ணீர்தான், அதை நான் மறுக்கமாட்டேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் போய் மடிக்கணினியைக் கொண்டு வந்து கூடத்து மேசையில் திறந்து வைத்தார்.

அங்கே இரண்டு பேராசிரியர்கள் சேர்ந்து ஒரு சின்னக் கம்பனி தொடங்கியிருக்கிறார்களாம். எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளைக் கொல்லுகிற புது மருந்தாம். பெரிய பணக்காரரிடம் போகாமல் சாதாரண சனத்திடம் இணையத்தால் பங்கு விற்றுக் காசு சேர்க்கிறார்களாம். தானும் வாங்கியிருக்கிறாராம். திரையில் ஒரு கிருமியின் படம் வந்தது. பச்சை உடம்பு, ஊதா மயிர். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு வடிவான கிருமியை நான் கண்டதில்லை. அடுத்த படத்தில் வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண், கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு பல் முழுக்கத் தெரியச் சிரித்தாள். அந்த வேலையைச் செய்கிற ஒருத்தியும் அப்படிச் சிரிப்பதில்லை. நாள் முழுக்கக் குனிந்திருந்து எங்களுக்கு நாரிதான் நோகும்.

நான் கேள்வி கேட்டேன். மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்களா? முதலாம் கட்டம் தொடங்கிவிட்டதாம். யாருக்குக் கொடுக்கிறார்கள்? சுகதேகிகளுக்காம். அப்படியானால் நோயாளிக்கு எப்போது? "கெதியா, மச்சாள்" என்றார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களிடம் எப்போது என்று எதைக் கேட்டாலும் இந்த ஒரு பதில்தான் கிடைக்கும். எப்போது ஊருக்கு வருகிறீர்கள், கெதியா. எப்போது வளவைத் துப்புரவாக்குகிறீர்கள், கெதியா. எலிக்குக் கொடுத்து, சுகமான மனிதருக்குக் கொடுத்து, பிறகு நோயாளிகளில் கொஞ்சப் பேருக்குக் கொடுத்து, பிறகு நிறையப் பேருக்குக் கொடுத்து, அதற்குப் பிறகு அரசாங்கம் அனுமதித்து, அந்த மருந்து கோப்பாய்க்கு வரும்போது இங்கே இருக்கிற ஒருவரும் இருக்கமாட்டோம் என்று நான் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். ஆனால் "விசரர் மாதிரிக் கதைக்காதேங்கோ" என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னேன். என் வாய் அப்படி. அண்ணையின் முகம் அத்தோடு என் பக்கத்தில் இருந்து திரும்பிவிட்டது.

அவர் மைத்துனரிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"மச்சான், உந்தக் கொம்பனியிலை பங்கு வைச்சிருக்கிற ஆக்களுக்கு மருந்தை முதல்லை குடுப்பினமோ?"

லண்டன்காரர் பிடரியைச் சொறிந்தார். "நான் கதைச்சுப் பாக்கிறன், அத்தான்" என்றார்.

லண்டனில் அதற்கு என்ன அர்த்தமோ தெரியாது. கோப்பாயில் அதற்கு ஓம் என்று அர்த்தம். அதுவும் அண்ணைக்கு அப்படித்தான் விளங்கும். ஏனென்றால், எங்கள் கோயிலில் ஏழாம் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம். அன்றைக்குச் செலவெல்லாம் எங்களுடையது. பூசை முடிந்ததும் ஐயர் தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை வைத்துக் காளாஞ்சியை முதலில் அண்ணையின் கையில்தான் கொடுப்பார். பின்னால் நீதவான் நின்றாலும் சரி, மந்திரி நின்றாலும் சரி, உபயகாரருக்குத்தான் முதல். அறுபத்தெட்டு வருடமாக அண்ணைக்கு உலகம் இப்படித்தான் நடந்திருக்கிறது. செலவைப் பொறுப்பெடுத்தவனுக்குப் பிரசாதம் முதலில் வரும். மருந்துக் கம்பனியில் பங்கு வாங்குவதும் ஒரு உபயம் எடுப்பதுதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது ஒரு மனிதன் இப்படிப் பிழை விட்டிருப்பானா என்று எனக்குத் தெரியாது.

நாலு பரப்புச் செம்மண் காணியை விற்றார். கிணற்றோடு, சுற்றிவரப் பூவரசு வேலியோடு இருந்த காணி. வாங்கியவர் லண்டன்காரரின் சிநேகிதர். வருடத்தில் பத்து நாள் வந்து நிற்பதற்கு மாடி வீடு கட்டப் போகிறாராம். காசு இங்கே வரவே இல்லை. அங்கத்துக் காசு அங்கேயே கம்பனிக்குள் போனது. அண்ணையின் பெயரில் பங்குப் பத்திரம் வந்தது, நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன். அவருக்கு மின்னஞ்சல் இல்லாதபடியால் என்னுடைய முகவரியைத்தான் கொடுத்திருந்தார்கள். அதைச் சட்டம் போட்டுச் சாமி அறையில், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த கிழமையில் இருந்து எனக்கு அந்த வீட்டில் தேத்தண்ணி கிடைத்திருக்காது.

அதற்குப் பிறகு தொடங்கியது எங்கடை மருந்து என்ற பேச்சு. கடையில், வாசிகசாலையில், பஸ்ஸில், கண்டவரிடமெல்லாம் "எங்கடை மருந்து வருது" என்றார். கிளினிக்கில் சத்திரசிகிச்சை நிபுணரிடமும் அதையே சொன்னார். விரலில் கை வைக்க வேண்டாமாம், மூன்று மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம், எங்கடை மருந்து வந்துகொண்டிருக்கிறதாம். நிபுணர் என் முகத்தைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஆய்வுகூடத்தில் மிஸ் மிஸ் என்று என்னைக் கொண்டாடிய இடத்தில், என் கூடப்பிறந்தவர் இப்படி நிற்கிறாரே என்று உடம்பெல்லாம் கூசியது. அந்த நேரத்தில் நான் கவலைப்பட்டது என் மானத்துக்கு. காலுக்கு இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பழைய ஊசியைப் போட்டார்கள். காய்ச்சல் இறங்கும், நிறுத்தினால் ஏறும். மூன்று மாதம் போனது. விரல்கள் இரண்டும் கறுத்தன. அப்போது நிபுணர், இனி இரண்டு விரல் போதாது, அரைவாசிப் பாதம் போகும் என்றார். அண்ணை மறுபடியும் தவணை கேட்டார். ஏதோ கடன்காரன் வந்து வாசலில் நிற்கிற மாதிரி.

மார்கழியில் கம்பனி பங்காளிகளுக்கெல்லாம் இணையத்தில் ஒரு கூட்டம் வைத்தது. அண்ணை காலையிலேயே முழுகி, பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, விபூதி சந்தனத்தோடு கதிரையில் வந்து இருந்தார். கட்டுப்போட்ட கால் ஒரு முக்காலியின்மேல். என் போனைச் செம்பொன்றில் சாய்த்து வைத்தோம். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளில் வெள்ளைக்காரர்கள். ஒருவர் படுக்கையில், ஒருத்தி பூனையோடு, இன்னொருவர் ஏதோ தின்றுகொண்டு. எங்கள் அண்ணை மட்டும் சபைக்கு வந்தவர் போலக் கைகூப்பி வணக்கம் சொன்னார். எங்கள் பக்கத்துச் சத்தத்தை அவர்கள் அடைத்து வைத்திருந்ததால் ஒருவருக்கும் கேட்கவில்லை. அது தெரியாமல் மூன்று தரம் சொன்னார்.

தலைவர் ஒரு மணித்தியாலம் பேசினார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில் கேள்வி எழுதலாம் என்றார்கள். யாழ்ப்பாணத்துக்கு எப்போது வரும் என்று எழுதச் சொன்னார் அண்ணை. எழுதினேன். தலைவர் அதை வாசித்து, மிகவும் அருமையான கேள்வி என்று மெச்சி, எங்கள் ஊரின் பெயரைக் கொலை செய்து, எல்லாம் சரியாக நடந்தால் இன்னும் பல வருடங்களில் உலகத்தின் எல்லா மூலைக்கும் போய்ச் சேரும் என்பது தங்கள் நம்பிக்கை என்றார். நான் ஒரு சொல் குறைக்காமல், ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன்.

"பல வருசம் எண்டு அவர் சொல்லேல்லை. நீ கூட்டிச் சொல்லுறாய்" என்றார் அண்ணை.

அவர் பொய்யாகக் கோபிக்கவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினார். வாழ்க்கை முழுக்க அவரை மடையன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த தங்கச்சி, அவருடைய மருந்தைப் பற்றியும் வேண்டுமென்றே குறைத்துத்தான் சொல்லுவாள் என்று நினைத்தார். அதில் பிழை சொல்லவும் எனக்கு வழியில்லை. லண்டன்காரருக்குப் போன் எடுத்து, நீராவது உண்மையைச் சொல்லும் என்று கெஞ்சினேன். மச்சாள், நோயாளிக்கு நம்பிக்கைதானே முக்கியம், நான் எப்படி அத்தானின் மனதை உடைக்கிறது என்றார். மனதை உடைக்க மாட்டாராம். கால் அழுகலாமாம். ஊருக்கு வந்து நின்ற நாளில் அவர் விட்ட கண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து வைத்திருந்தால், புண் கழுவவாவது உதவியிருக்கும்.

தை பிறந்தது. நிபுணர் இப்போது முழங்காலுக்குக் கீழே என்றார். எலும்புக்குள் இறங்கிவிட்டதாம். இரத்தத்தில் ஏறினால் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாதாம். ஒரு கிழமைதான் தரலாம் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அண்ணி அழுதார். நான் முதல் தடவையாகக் கத்தாமல், அண்ணையின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, என்ன செய்தால் வெட்ட ஓம் என்பீர்கள் என்று கேட்டேன். அவர் முகட்டைப் பார்த்தார்.

"மருந்து வராது எண்டு கொம்பனி தன்ரை வாயாலை சொல்லட்டும். பேந்து வெட்டட்டும். நீ சொன்னால் நான் நம்பமாட்டன்."

அடுத்த நாள் காலை பூ ஆய்ந்துகொண்டு நிற்கும்போது போன் ஒலித்தது. கம்பனியின் கடிதம். நான் முற்றத்தில் நின்றபடியே வாசித்தேன். மருந்து நல்ல மருந்துதானாம். சுகதேகிகள் தாங்கிக்கொண்டார்களாம். ஆனால் கிருமிக்கு எதிரான புது மருந்தால் இலாபம் இல்லையாம். ஒரு நோயாளிக்குப் பத்து நாள்தான் தேவைப்படும், அதுவும் புது மருந்து என்றால் வைத்தியர்கள் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைத்துக்கொள்ளுவார்களாம். இந்த நியாயம் எனக்கு விளங்கியது. நானே வைத்தியர்களிடம் அப்படிப் பூட்டி வைக்கச் சொல்லுகிறவள்தான். அதற்குக் கீழே வாசித்ததைத்தான் நம்ப முடியாமல் இரண்டு தரம் வாசித்தேன். அதே மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் பூசினால் நாய்களின் தோல் அரிப்புக்கு நன்றாகக் கேட்கிறதாம். நாய்க்கு மாதாமாதம், ஆயுள் முழுக்க வேண்டுமாம். ஆகவே மனிதரின் கிருமியைக் கைவிட்டு நாய்ச் சொறிக்கு மாறலாம் என்று இயக்குநர் சபை பரிந்துரைக்கிறது, பங்காளிகள் நாலு நாளுக்குள் வாக்களிக்க வேண்டும். கீழே இரண்டு பெட்டி. ஆதரவு. எதிர்ப்பு.

எங்கள் ஒழுங்கையில் ஒன்பது நாய் படுத்திருக்கும். ஒன்பதும் ஒரு சதம் செலவில்லாமல் சொறிந்துகொண்டுதான் இருக்கின்றன. நாலு பரப்புச் செம்மண்ணை விற்று, கிணற்றை விற்று, எங்கள் அண்ணை வெள்ளைக்காரரின் நாய்க்குச் சொறி மருந்து உபயம் செய்திருக்கிறார். நான் பூக்கூடையை நிலத்தில் வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. தூ என்று துப்பினேன், அந்தப் பேராசிரியர்களுக்கும், லண்டன்காரருக்கும், எனக்கும் சேர்த்து.

கடிதத்தை அண்ணையிடம் கொண்டு போயிருக்க வேண்டும். பங்கு அவருடையது. ஆனால் கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எதிர்ப்பு என்று போடச் சொல்லுவார். பிறகு தலைவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுவார். லண்டன்காரரைப் பிடித்து மற்றப் பங்காளிகளோடு கதைக்கச் சொல்லுவார். கோயில் பரிபாலன சபைக் கூட்டத்தில் தன் பக்கத்துக்கு ஆள் சேர்த்த மனிதர் அல்லவா, அங்கேயும் சேர்த்துப் பார்ப்பார். அந்த ஆரவாரத்தில் ஒரு கிழமை முடிந்துவிடும். கிருமிக்கு ஒரு கிழமை எவ்வளவு பெரிய காலம் என்று எனக்குத் தட்டுத் தட்டாகத் தெரியும்.

நான் ஆதரவு என்ற பெட்டியை அமத்தினேன். அந்த மருந்து செத்தால் அண்ணை பிழைப்பார், அவ்வளவுதான் அந்த நேரத்தில் என் மூளையில் இருந்தது. எங்கள் வாக்கால் ஒன்றும் மாறப் போவதில்லை என்பதும் தெரியும், கடலில் ஒரு கைப்பிடி உப்பு. ஆனாலும் அமத்தினேன். வாக்களித்ததற்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. கழுவிய கையோடு போய் அண்ணையின் புண்ணைக் கழுவிக் கட்டினேன். நாலு நாளும் போய்க் கட்டினேன், நாலு நாளும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவருக்குக் குளிர் நடுக்கம் வந்தது. அண்ணி போர்வைக்கு மேல் போர்வையாகப் போர்த்தினார். "தங்கச்சி, கொம்பனியிலை இருந்து ஏதும் வந்ததோ?" என்று அண்ணை போர்வைக்குள் இருந்து கேட்டார். இன்னும் இல்லை என்றேன். இவ்வளவு காலமும் அவரிடம் நான் சொன்ன உண்மை ஒன்றையும் அவர் நம்பவில்லை. அந்தப் பொய்யை நம்பினார்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. பெரும்பான்மை ஆதரவாம். கிருமி மருந்துத் திட்டம் அன்றோடு மூடப்பட்டதாம். அச்செடுத்துக்கொண்டு போய் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். நான் சொன்னால் நம்பமாட்டார் என்றதால் அண்ணியைக்கொண்டு லண்டனுக்குப் போன் எடுப்பித்தேன். லண்டன்காரருக்கு இப்போது தப்ப வழியில்லை, ஓம் அத்தான், உண்மைதான் என்றார். பிறகு குரல் ஏறியது. கவலைப்பட வேண்டாமாம், நாய் மருந்துக்கு அங்கே நல்ல கிராக்கியாம், பங்கு இரண்டு மடங்காகும் என்று கதைக்கிறார்களாம், நட்டம் வராதாம். அண்ணை மறுமொழி சொல்லாமல் போனை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி தன் தம்பியிடம், வை போனை என்றார். அவர் தம்பியோடு அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை.

பிறகு அண்ணை என்னைப் பார்த்தார்.

"பங்காளியள் எல்லாரும் வோட்டுப் போட்டவையெல்லே. எங்கடை வோட்டு?"

எதிர்ப்பு என்று சொல்லியிருக்கலாம். ஒருவரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஒரு பொய்க்கு மேல் அவரிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"ஓம் எண்டு போட்டனான், அண்ணை. நாலு நாளைக்கு முன்னமே போட்டிட்டன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எங்களுக்கு அது பழக்கம். அவர் போர்வையை விலக்கிக் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். வேறு யாருடையதையோ பார்ப்பது மாதிரி நேரம் எடுத்துப் பார்த்தார்.

"என்ரை காலெல்லே" என்றார். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

என்னிடம் நியாயம் இருந்தது. ஒரு கிழமைத் தவணை, குளிர் நடுக்கம், இரத்தத்தில் ஏறுகிற கிருமி, எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. அவர் அண்ணியைக் கூப்பிட்டு ஓட்டோவுக்குச் சொல்லச் சொன்னார்.

வார்டில் மாலைக்குள் எல்லாம் ஆயத்தமானது. தாதி ஒருவர் சம்மதப் பத்திரத்தைக் கொண்டு வந்தார். மூன்று மொழியிலும் எழுதிய நீளமான தாள். இப்படியான தாள்களை நோயாளிகள் வாசிப்பதில்லை, எங்கே கையெழுத்து என்று கேட்டு வைத்துவிடுவார்கள். நானும் பழக்கதோஷத்தில் குனிந்து, விரலை நீட்டி, இந்தக் கோட்டில் வையுங்கள் என்று காட்டப் போனேன்.

அண்ணை தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அண்ணியிடம் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டு, தாதியைப் பார்த்துச் சொன்னார்.

"நானே வாசிக்கிறன், பிள்ளை."

ஒரு வரியை வாசித்து, விரலை அதில் வைத்து, அடுத்த வரிக்குப் போனார். தாதி அவசரப்படுத்தவில்லை. இடது கால், முழங்காலுக்குக் கீழே என்று எழுதியிருந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது. அங்கே நெடுநேரம் நின்றது. என்னை நிமிர்ந்து பார்ப்பார், ஏதாவது கேட்பார் என்று நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை. வாசித்து முடித்து, தாதியிடம் பேனை கேட்டு வாங்கி, கையெழுத்து வைத்தார்.